மார்கழிக்கு முன் வெந்நீர்க் குழாயைக் கவனியுங்கள்!

தண்ணீர் குளிரக் குளிரச் சுருங்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 4 டிகிரிக்குக் கீழே போனதும் அது குணம் மாறி விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டியாகிவிட்டால் நூற்றுக்கு 9 பங்கு பருத்துவிடும். இரும்புக் குழாய்கூட அந்த நெருக்கலுக்குத் தாங்காது. அதனால்தான் குளிர் தேசத்தார் குளிர்காலம் பிறக்குமுன் குழாய்களை உறை போட்டு மூடுகிறார்கள். தோட்டத்துக் குழாயிலுள்ள நீரை வடித்து விடுகிறார்கள். நம் நாட்டில் லே நகரத்தாருக்கும் இந்தத் தொல்லை உண்டு.

ஓசூர்வாசிகளுக்கு அந்தக் கவலை இல்லை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி மேலே இருக்கும் ஊர்; வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று கொண்டாடிய சீதோஷ்ணம். ஆனாலும் மார்கழி விடியலில் பல் கிட்டுமே தவிர, குழாயில் தண்ணீர் உறைவதில்லை. அப்படியானால் இங்கே குளிர்காலத்தில் குழாய்க்கு ஆபத்தே இல்லையா? உண்டு. அது பனியால் வருவதல்ல, வெந்நீரால் வருவது!

அந்தக் காலத்தில் இந்தச் சங்கடம் கிடையாது. வீட்டுக்கு வீடு வெந்நீர் அடுப்பு. அதன்மேல் தாமிர அண்டா. எல்லைக்கு அப்பால் கன்னடக்காரர்கள் அதையே 'ஹண்டே' என்பார்கள். அண்டா வெடித்தது என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? வாய் திறந்த பாத்திரம் எப்படி வெடிக்கும்? 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் பெருகின. முதல் ஷிப்டுக்குப் போகிறவர் விடியுமுன் குளித்தாக வேண்டும். விறகு மூட்ட நேரம் ஏது? சுவரில் கெய்சர் ஏறிவிட்டது.

உப்புப் படியும் விதம்

இப்பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, நீர் சூடேறியதும் பிரிந்து வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. கெய்சருக்குள் இருக்கும் சூடாக்கும் கம்பிமேல் அது ஓடு கட்டிக்கொள்கிறது. சூடு நீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கும். மின்சாரக் கட்டணம் ஏறும். ஒருநாள் கம்பியே கருகிவிடும்.

கம்பி போனால் பணத்தோடு போயிற்று. பெரிய அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. கெய்சரின் அடியில் சிறு வால்வு ஒன்று உண்டு. நீர் சூடாகி விரியும்போது அழுத்தம் மிகுந்தால், அதுதான் சில சொட்டுகளை வெளியே விட்டு அழுத்தத்தைக் குறைக்கிறது. "ஒழுகுகிறதே!" என்று அதற்கு முளை அடித்து அடைக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அடைத்த வால்வும் உப்பேறிய வால்வும் ஒன்றுதான். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதாகிவிட்டால் கெய்சர் குண்டாகிவிடும். ஆகவே குளிர் தொடங்குமுன் மெக்கானிக்கை வரவழைத்து, உப்பைச் சுரண்டி, வால்வு திறக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். துருப் பிடிக்காமல் தொட்டியைக் காக்க உள்ளே ஒரு மக்னீசியத் தண்டு இருக்கும். அது கரைந்திருந்தால் புதிது போட வேண்டும். எர்த் கம்பியையும் கேட்டுப் பார்ப்பது உத்தமம். வெந்நீர் போகும் வழியில் சாதாரண பி.வி.சி. குழாய் இருந்தால் அது இளகிவிடும். சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய்தான் வேண்டும்.

வாடகை அறைகளில் தங்கும் தொழிலாளர்களுக்குக் கெய்சர் ஏது? பக்கெட்டில் முக்கும் ஹீட்டர் கம்பிதான். ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். சூடு பார்க்கிற அவசரத்தில் உயிரை விட்டவர்கள் உண்டு.

காஸ் கெய்சர்

இவை எல்லாவற்றிலும் பொல்லாதது காஸ் கெய்சர். சிறிய குளியலறை, குளிர் தாங்காமல் ஜன்னலைச் சாத்தி, காற்றுத் துவாரத்தில் காகிதத்தையும் திணித்துவிடுகிறார்கள். உள்ளே சுடர் எரிகிறது. பிராணவாயு குறையக் குறைய நீலச் சுடர் மஞ்சளாகி, கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலை கனக்கும், கிறுகிறுக்கும். கால் துவண்ட பிறகு தாழ்ப்பாளை எட்டக்கூட முடியாது. ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் வீட்டில் கடைசியாகப் போகிறவருக்கே ஆபத்து அதிகம். காஸ் கெய்சரை வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவர வேண்டும். மயங்கியவரை உடனே திறந்த வெளிக்குத் தூக்கிவந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு விஷயம். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கெய்சர் நீரையே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. பல்லையும் எலும்பையும் கெடுப்பது. அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். குடிப்பதற்குக் காவிரி நீரைத் தனியே அடுப்பில் காய்ச்சிக் கொள்வதே சரி.

மார்கழி பிறந்துவிட்டால் மெக்கானிக்குகளைப் பிடிப்பது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையிலேயே சொல்லி வைத்துவிடலாம்.