பழசுக்கு விலை கூடுதலாக இருந்த காலம்

1970களில் கார் வாங்க நினைத்தவரிடம் புதுசா, பழசா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கல்கத்தா பக்கத்து அம்பாசிடர், பம்பாய் ஃபியட், நம் சென்னை ஸ்டாண்டர்ட். இந்த மூன்றுக்குள்தான் நாடே அடங்கியது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை லைசென்ஸ் தீர்மானித்தது. முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் முறை வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். பொறுக்க முடியாதவர் செகண்ட் ஹேண்டுக்குப் போனார். அங்கே அதிகம் ஓடாத ஃபியட்டுக்குக் கம்பெனி விலையைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள், கொடுக்கவும் ஆள் இருந்தது. வரிசையில் நிற்காமல் தப்பிப்பதற்கான விலை அது.

பழசுக்கு மவுசு இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1950களின் இறுதியில் வந்த அம்பாசிடர், 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை உருவத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. பத்து வயது வண்டிக்கும் புது வண்டிக்கும் வித்தியாசம் முன்பக்க கிரில்லிலும் சீட் துணியிலும்தான். ரீபோர் செய்து, பிஸ்டன் ரிங் மாற்றி, டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடித்தால் இன்னும் பத்து வருடம் ஓடும். உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை இருந்தது. வாங்கப் போகிறவர் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போவார். அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுச் சைலன்சர் பக்கம் போய் நிற்பார். புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. "வேணாம் சார்" என்பார், பேச்சு அத்தோடு முடிந்தது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கும் முதலில் இதே கதைதான். பதிவுசெய்து காத்திருந்தார்கள், கைமாற்றியவர்கள் லாபம் பார்த்தார்கள். 1993-ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு நீங்கியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. வங்கிகள் கடனை நீட்டின. வரிசை கலைந்ததும் பழைய வண்டியின் கூடுதல் விலையும் போயிற்று.

இன்று புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே மதிப்பை இழக்கிறது. முதல் சில ஆண்டுகளில்தான் இழப்பு அதிகம். அந்த நஷ்டத்தை முதல் ஓனர் தாங்கிக்கொண்டபின் வாங்குவது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்தத் தள்ளுபடி சும்மா கிடைப்பதில்லை. அன்று காத்திருக்காமல் இருக்க அதிகம் கொடுத்தோம். இன்று சந்தேகத்தையும் சேர்த்து வாங்குவதற்காகக் குறைத்துக் கொடுக்கிறோம்.

மீட்டர் முப்பதாயிரம் காட்டும், பிரேக் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கும். கம்பெனி சர்வீஸில் விட்ட வண்டியானால் ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டர் என்று பதிவு இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை தேடவும் பழகிக்கொண்டோம். விற்கிறவருக்கும் நிம்மதியில்லை. ஆர்சியில் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிட்டால், விபத்து நஷ்டஈட்டுக்குப் பதிவேட்டில் இருப்பவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வயதின் பொருளும் மாறிவிட்டது. பத்து வயது அம்பாசிடரில் இல்லாத எதுவும் புதியதிலும் இல்லை. 2019-க்கு முந்தைய சிறிய கார்களின் கீழ்நிலை மாடல்களில் ஏர்பேக்கே இல்லாதவை உண்டு. விலை மலிவு என்று அதில் குழந்தைகளை ஏற்ற எனக்கு மனம் வராது. போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகிவிட்டது. முன்பு 28 சதவீதம், அதன்மேல் செஸ் வேறு. புதுசுக்கும் பழசுக்கும் இடைவெளி குறைந்த பிறகும் பழைய விலையே சொல்லும் புரோக்கரிடம் தாராளமாகப் பேரம் பேசலாம்.

ஓட்டக் கற்றுக்கொண்ட கையோடு வாங்குபவருக்கு, மூன்று நான்கு வயதான, ஒரே ஓனர் வைத்திருந்த பெட்ரோல் வண்டி போதும். முதல் கீறல் எப்படியும் விழும். பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறவர் புதுசுக்கே போகலாம். மின்சாரக் கார் மட்டும் தனிக்கதை. அதில் புகையும் இல்லை, மெக்கானிக்கின் காதுக்கு வேலையும் இல்லை; விலையில் கணிசமான பங்கு பேட்டரியில் இருக்கிறது. அதன் வாரண்டி இரண்டாவது ஓனருக்கும் செல்லும் என்று கம்பெனி எழுத்தில் தராவிட்டால், பழைய மின்சாரக் காரை நான் தொடமாட்டேன்.