மூச்சுக் கொடுத்த கைகள்

நோயுற்ற குழந்தை பிழைத்து எழுந்தால், "டாக்டர் கைராசிக்காரர்" என்று ஊரார் சொல்லுவது வழக்கம். நன்றியறிதல் நல்ல குணம்; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்நன்றி முழுவதும் ஒருவர் மேலேயே சென்று தங்கிவிடுவதால் ஒரு பெரிய உண்மை நமது கண்ணுக்கு மறைந்து போகிறது. மரணத்தின் வாயிலிற் கிடக்கும் குழந்தையை மீட்பது பலர் ஒரே நோக்கத்துடன், முறை தவறாமல், இரவு பகலாகச் செய்யும் ஊழியம். இதற்குச் சாட்சியம் வேண்டுவோர், 1952-ஆம் வருஷத்தில் டென்மார்க் தேசத்தின் தலைநகராகிய கோபன்ஹேகனில் நடந்த விருத்தாந்தத்தை அறிதல் வேண்டும்.

அவ்வருஷம் கோடைகாலத்தில் அந்நகரில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவிற்று. இந்நோய் கை கால்களை மட்டும் முடக்குமாயின் உயிருக்கு அபாயம் குறைவு. மூளையின் அடிப்பாகத்தையும், மார்புத் தசைகளை இயக்கும் நரம்புகளையும் அது தாக்கிவிட்டாலோ, நோயாளியால் விழுங்கவும் இயலாது. மூச்சு விடவும் இயலாது. தன் எச்சிலிலேயே மூழ்கித் திணற நேரிடும். தொற்று நோய்களுக்கென ஏற்பட்டிருந்த பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நாள்தோறும் வந்து குவிந்தனர். அவர்களிற் பலர் குழந்தைகள். அங்கிருந்த சாதனங்களோ, உடலை உள்ளே வைத்து மூடி மார்பை விரியச் செய்யும் இரும்புச் சுவாசப் பெட்டி ஒன்று, மார்பின்மேற் கவசம் போலப் பொருத்தும் கருவிகள் ஆறு, அவ்வளவே. முதல் மூன்று வாரங்களில் இவற்றைக் கொண்டு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

ஆஸ்பத்திரியின் தலைமை வைத்தியர் லாஸன் என்பவர். தொற்று நோய்ச் சிகிச்சையில் அந்நாட்டில் அவருக்குப் பெருமதிப்பு உண்டு. அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய பியோர்னெபோ என்னும் டாக்டர், வெளியிலிருந்து ஒருவரை அழைத்து யோசனை கேட்கலாம் என்றார். அவர் குறிப்பிட்டவர் ப்யோன் இப்ஸன். சத்திர சிகிச்சை நடக்கும்போது மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர். தொற்று நோய் வார்டில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டுக் கதவை அடைத்திருக்கலாம். லாஸன் அப்படிச் செய்யவில்லை. தமது முறை பலிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டு 25-ஆம் தேதி இப்ஸனை வரவழைத்து ஆலோசித்தார். பதவியிலிருப்போர் எல்லோரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டிய செயல் இது.

இப்ஸன் புதிய சாட்சியம் எதையும் தேடவில்லை. இருந்த சாட்சியத்தையே வேறு விதமாகப் படித்தார். நோயாளிகளின் இரத்தத்திற் காரம் மிகுந்திருப்பதாகப் பரிசோதனைகள் காட்டின. வியாதியின் விளைவாக உண்டான ஏதோ புதுக் கோளாறு என்று மற்றவர்கள் எண்ணியிருந்தனர். மூச்சு போதாமையால் கரியமில வாயு வெளியேறாமல் உடலிலேயே தேங்குவதன் அடையாளம் அது என்றார் இப்ஸன். பாழானவை நுரையீரல்கள் அல்ல; அவற்றிற்குப் போதிய காற்றுச் செல்லவில்லை. ஆகவே மூளையை நோய் மீறிவிட்டது என்று கைவிடப்பட்டவர்கள், உண்மையில் மூச்சின்றி மாண்டுகொண்டிருந்தனர். ஒரே ஆவணத்தை இரண்டு வக்கீல்கள் படித்து இரண்டு முடிவுக்கு வருவதை நாம் நியாயஸ்தலத்திற் கண்டிருக்கிறோம். இங்கே அந்த வேறுபாட்டின்மேல் குழந்தைகளின் உயிர் தொங்கிற்று.

ஆகஸ்டு 27-ஆம் தேதி, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இதைச் சோதித்தனர். நான்கு அவயவங்களும் முடங்கி, உடல் நீலம் பாய்ந்து, அவள் அந்திமத் தறுவாயில் இருந்தாள். தொண்டையின் கீழே மூச்சுக் குழலில் துளையிட்டு ரப்பர்க் குழாய் ஒன்றைச் செலுத்தினர். அதனோடு இணைத்த ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்றுச் செலுத்த வேண்டும். முதலில் அது பலிக்கவில்லை. சிறுமி திமிறினாள்; மூச்சுக் குழல்கள் இறுகிக் காற்றை ஏற்க மறுத்தன. சூழ நின்ற டாக்டர்களிற் சிலர் நம்பிக்கை இழந்து அகன்றனர். இப்ஸன் அவளுக்கு மயக்க மருந்து கொடுத்தார். அவள் சுயமாக எடுத்துவந்த சிறு மூச்சும் நின்றது. ஆனால் திமிறலும் நின்றது. பையிலிருந்த காற்று உள்ளே சென்றது. நீலம் மாறிச் சருமம் சிவந்தது. அச்சிறுமி பிழைத்து, அதன் பின்னும் பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இப்ஸனைப் புகழ்ந்துவிட்டு நாமும் எழுந்து போயிருக்கலாம். உண்மையான சோதனை அதற்குப் பின்னரே வந்தது. அந்தப் பையை அமுக்க இயந்திரம் இல்லை. ஒரு நிமிஷத்துக்கு இருபது முறை என்றால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய முப்பதாயிரம் முறை ஒரு கை அதை அமுக்க வேண்டும். ஒரு குழந்தைக்கே இவ்வளவு. ஒரு காலத்தில் எழுபது நோயாளிகள் வரையில் ஒருங்கே இச்சிகிச்சையில் இருந்தனர்! மருத்துவக் கல்லூரி மாணாக்கர்களையும் பல் வைத்தியம் பயில்வோரையும் அழைத்தார்கள். சுமார் 1,500 பேர் வந்தனர். முறை வைத்துக்கொண்டு அவர்கள் அமுக்கிய நேரம் மொத்தம் 1,65,000 மணி என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இவர்கள் இளைஞர்கள். தொற்று நோய் வார்டு அது. இளைஞர்களையும் முடக்கக்கூடிய நோய் அது. அந்நோய்க்கு அன்று தடுப்பூசியும் கிடையாது. எதிரே படுத்திருக்கும் குழந்தைக்கு நினைவு உண்டு. பேச்சு மட்டும் இல்லை. தன் மூச்சு எவர் கையில் இருக்கிறதோ அவரையே அது கண் கொட்டாமற் பார்த்துக்கொண்டிருக்கும். சில வேளைகளில் மாணாக்கர் பையை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே நோயாளி மரணமடைந்ததும் உண்டு. அந்தத் துயரைத் தாங்கிக்கொண்டு, அடுத்த நாள் வேறொரு கட்டிலருகே போய் அமர வேண்டும். இருபது வயது மனத்திற்கு இது இலேசான காரியமா? அவர்களுடன் சளியை உறிஞ்சி எடுத்த நர்ஸ்களும், இரத்தத்தைச் சோதித்த பரிசோதனைச் சாலையாரும், வாயு உருளைகளைச் சுமந்து வந்த பணியாட்களும் இருந்தனர். இவர்களில் ஒரு வகுப்பார் தவறியிருந்தாலும் மற்றவர் செய்தது வீணாகியிருக்கும். நூற்றுக்கு எண்பத்தேழாக இருந்த மரண விகிதம், தொத்து நோய் தணிவதற்குள் நூற்றுக்கு இருபத்தைந்தளவுக்குக் குறைந்தது.

இந்த அனுபவத்திலிருந்தே, அபாய நிலையிலுள்ளவர்களை ஓரிடத்தில் வைத்து இடைவிடாமற் காக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு உருவாயிற்று. 1953-ஆம் வருஷம் டிசம்பரில் கோபன்ஹேகன் நகர ஆஸ்பத்திரியில் இப்ஸனே அத்தகைய பிரிவொன்றைத் தொடங்கினார். 1955-இல் ஸ்வீடனில் கோதன்பர்க் நகரில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டது. அதே வருஷம் இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பூசியும் வழக்கத்துக்கு வந்தது. 2014-இல் பாரத தேசமும் அந்நோய் ஒழிந்த பிரதேசத்தில் அடங்கியதாகச் சான்று பெற்றது. இந்நாட்டில் நோய் போயிற்று, அது கற்பித்த முறை உலகெங்கும் நிலைத்துவிட்டது.

இன்று பையை அமுக்கும் வேலையை இயந்திரம் செய்கிறது. ஆயினும் குழாய் அடைத்துக்கொண்டதைக் கண்டு விரைந்து வருவது ஒரு நர்ஸின் கண்ணும் காலுமே. குழந்தையின் எடைக்குத் தக்கபடி மருந்தை அளந்து, ஒருவர் அளந்ததை மற்றொருவர் சரிபார்ப்பதும், முடங்கிய மார்பைத் தட்டிச் சளியை வெளியேற்றுவதும், வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு உண்மையை உள்ளபடி சொல்லுவதும் மனிதர் செய்ய வேண்டியவையே.

பொது வேலையில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி வேண்டுமென்று கிளர்ச்சி செய்கிறோம். கட்டடம் எழும்பியதும் மாலை போட்டுத் திறந்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரவு மூன்று மணிக்கு, மூச்சுத் திணறும் குழந்தையின் கட்டிலருகே விழித்திருப்பவர் யார்? அவருக்கு எத்தனை கட்டில்கள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன? அவருக்குப் பயிற்சியும், உரிய சம்பளமும், ஓய்வும் உண்டா? கோபன்ஹேகனில் இயந்திரம் இல்லாத குறையைக் கைகள் தீர்த்தன. கைகள் இல்லாத குறையை எந்த இயந்திரமும் தீர்க்காது. நமது ஊர் ஆஸ்பத்திரியில் இக்கேள்வியை இன்றே கேட்போமாக; விடை கிடைக்கும் வரையில் விடாமல் கேட்போமாக.