1918-ஆம் வருஷத்துப் பவுனும் ஒரு சின்ன எழுத்தும்

போன பொங்கலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கிளியனூர்ல இருந்து பெரியம்மா போன் பண்ணாங்க. அவங்க மாமியார் விட்டுட்டுப் போன ரெண்டு பவுன் காசு இருக்கு, பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு குடுத்துடலாம்னு இருக்கேன், நீதான் பழைய காசெல்லாம் பாப்பியே, வந்து பாத்துச் சொல்லுன்னாங்க. என்ன வருஷம் போட்டிருக்குன்னு கேட்டேன். கண்ணாடி மாட்டிப் பாத்துட்டு ஒண்ணு 1913, இன்னொண்ணு 1918 ன்னாங்க.

"1918ஆ? பெரிம்மா, அது பம்பாய்ல அடிச்சதா இருக்கும், அதுக்குத் தனி விலை"ன்னு வாயை விட்டுட்டேன். காசைக் கண்ணால பாக்காம சொன்னது. நான் ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த 1918 யாருக்குன்னு அக்கா தங்கச்சிக்குள்ள முகம் சுளிக்கிற அளவுக்குப் பேச்சு வந்துடுச்சு. இந்தப் பதிவு அந்தத் தப்புக்கான பிராயச்சித்தம்னே வெச்சுக்கலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. நகைக்கடையில் நாம் சொல்லும் 'சவரன்', ஆங்கிலேயரின் 'சாவரின்' என்ற தங்க நாணயத்தின் பெயர்தான். அதன் முழு எடை 7.988 கிராம். அதையே முழுசாக்கி 8 கிராம் ஒரு சவரன் என்கிறோம். தரம் 22 காரட், விட்டம் 22.05 மி.மீ., கனம் ஏறக்குறைய 1.52 மி.மீ. 1899-இல் இந்தியாவிலும் இது சட்டப்படி செல்லும் பணமானது. ஒரு சாவரினுக்கு 15 ரூபாய். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ஒரு குடும்பத்துல இந்தக் காசு இருக்கிறதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல. புதுச்சேரி பக்கத்துலயே இருக்கிறதால சில வீடுகளில் பிரெஞ்சுக்காரரின் 20 பிராங்க் தங்கக் காசும் கிடைக்கும். அது 6.45 கிராம்தான், விட்டம் 21 மி.மீ. ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

சாவரினை வகை பிரிக்க மூணு விஷயம் பாத்தா போதும்: தலை, வருஷம், ஆலை எழுத்து.

தலை என்பது அரசர் அல்லது அரசியின் உருவம். விக்டோரியாவுக்கு மட்டும் மூணு முகம் உண்டு: இளம் வயது முகம், 1887-இல் வந்த சின்னக் கிரீடம் வைத்த முகம், 1893 முதல் முக்காடு போட்ட வயதான முகம். 1902 முதல் 1910 வரை ஏழாம் எட்வர்ட். 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ். தலைக்கும் வருஷத்துக்கும் பொருந்தலைன்னா அங்கேயே நிறுத்திடலாம்.

அடுத்தது ஆலை எழுத்து. காசின் மறுபக்கத்தில் புனித ஜார்ஜ் குதிரைமேல் உட்கார்ந்து டிராகனைக் கொல்கிறார். குதிரைக் காலுக்குக் கீழே ஒரு தரைக்கோடு, அதுக்கும் கீழே வருஷம். ஜார்ஜ் காலத்துக் காசில் அந்தக் கோட்டின் நடுவில், வருஷத்துக்கு நேர் மேலே ஒரு பொடி எழுத்து இருக்கலாம். ஆங்கில எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்போர்ன், பி என்றால் பெர்த், சி என்றால் கனடாவின் ஒட்டாவா, எஸ்ஏ என்றால் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. எழுத்தே இல்லைன்னா லண்டன். வெறும் ஒத்தக் கோடு மாதிரி ஐ இருந்தால் பம்பாய். பம்பாயில் சாவரின் அடித்தது 1918-இன் வருஷம் போட்டு மட்டும்தான். எண்ணிக்கை ஏறக்குறைய 13 லட்சம். நான் போன்ல குதிச்சதுக்குக் காரணம் அதுதான்.

கிளியனூர் வீட்டுத் திண்ணையில வெயில்ல வெச்சு லென்ஸில் பாத்தேன். 1913-இல் எழுத்து இல்லை. லண்டன், சரி. அந்த வருஷம் அங்கே கோடிக்கணக்கில் அடிச்சாங்க. 1918-ஐத் திருப்பினேன். அதிலும் எழுத்து இல்லை.

இங்கதான் சிக்கல். முதல் உலகப்போரில் பிரிட்டன் தங்கக் காசைப் புழக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டது. லண்டன் ஆலை 1917-க்குப் பிறகு 1925-இல்தான் மறுபடி சாவரின் அடித்தது. ஆக, 1918 போட்டு எழுத்து இல்லாத சாவரின் என்று ஒன்று இருக்கவே முடியாது.

தேய்ஞ்சு போயிருக்குமோன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா தேய்மானம் மேடான இடத்துலதான் முதல்ல வரும்: குதிரையின் உடம்பு, வீரனின் மார்பு, ராஜாவின் தாடி. அதெல்லாம் தெளிவா இருக்க, பள்ளத்தில் இருக்கிற எழுத்து மட்டும் தேயாது. லென்ஸை நகர்த்தினப்ப வேற சங்கதிகளும் தெரிஞ்சுது. விளிம்பைச் சுத்தி இருக்கிற பல்வரிசை ஒரு பக்கம் சீரா இல்லை, எழுத்துகளின் ஓரம் மழுங்கல், ராஜாவின் கழுத்துப் பக்கம் வெளிப்பக்கமாப் புடைச்ச சின்னப் புள்ளிகள். கீறல் உள்ளே போகும். புடைப்பு அச்சில் இருந்த குறை.

அப்ப தங்கமே இல்லையான்னா, தங்கம்தான். ரெண்டு காசிலும் மாலையில் கோர்க்க வளையம் பத்த வெச்சிருந்தாங்க. அதனால 7.98 கிராம் சோதனை செல்லாது. தண்ணி சோதனைதான் வழி: தராசில் ஒரு கிண்ணம் தண்ணி வெச்சு, காசை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினால், கூடுற எடைதான் அது விலக்கிய தண்ணியின் எடை. 1913: 8.41 கிராம், விலக்கியது 0.479. 1918: 8.36, விலக்கியது 0.476. ரெண்டுமே வகுத்தால் 17.56. செம்பு கலந்த 22 காரட்டுக்கு 17.6 வரணும். (தராசு 0.001 கிராம் காட்டணும். 0.01 தராசில் இந்தக் கணக்கு நிக்காது.) ஊர் ஆசாரி உரைகல்லில் தேய்ச்சும் அதையே சொன்னார்.

நல்ல தங்கத்தில் ஏன் போலி அடிக்கணும்? இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சாவரினுக்கு அதில் இருக்கிற தங்கத்தைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. லெபனான், இத்தாலி பக்கம் சரியான தங்கத்திலேயே அடித்து அந்த வித்தியாசத்தைச் சம்பாதித்தார்கள். பிரிட்டன் 1957-இல் சாவரினை மறுபடி அடிக்க ஆரம்பித்ததற்கு இந்தப் போலிகளும் ஒரு காரணம். அதனால உரைகல் 'தங்கம்'னு சொல்றதை 'அசல் காசு'ன்னு எடுத்துக்காதீங்க. ரெண்டும் வேற வேற கேள்வி.

அக்கா, தங்கச்சி ரெண்டு பேரையும் உட்கார வெச்சுச் சொன்னேன்: தங்கமாப் பாத்தா ரெண்டும் சமம், வித்தியாசம் 0.05 கிராம். காசாப் பாத்தா 1913 அசல், 1918 போலி. ஆனா வளையம் பத்த வெச்சதால சேகரிக்கிறவங்க அசலுக்கும் பெருசா கூடக் குடுக்க மாட்டாங்க. நான் போன்ல சொன்னது தப்பு.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசல. "எங்க மாமனாரு தொரை கையால வாங்குனதுன்னு சொல்வாங்களேடா"ன்னாங்க. 1913-க்கு அந்தக் கதை உண்மையா இருக்கலாம்னேன். தங்கச்சிதான், "ஆயா கழுத்துல ரெண்டும் ஒண்ணாத்தான கெடந்துச்சு, எனக்கு 1918 இருக்கட்டும்"னு எடுத்துக்கிட்டா.

அவ காசோட ஒரு சீட்டு எழுதி மடிச்சு வெச்சேன்: 1918, எழுத்து இல்லை, 22 காரட் தங்கம், அசல் நாணயம் அல்ல. நாளைக்கு அவ பிள்ளைங்க யாரையும் ஏமாத்தவும் வேண்டாம், யார்கிட்டயும் ஏமாறவும் வேண்டாம். உங்க வீட்டுல இருந்தா நீங்களும் ஒரு சீட்டு எழுதி வைங்க. பாலிஷ் போடாதீங்க, வளையத்தை அறுக்காதீங்க. அப்புறம், காசைக் கையில் வாங்கிப் பாக்காம என்னை மாதிரி போன்ல விலை சொல்லாதீங்க.