பூட்டு உடையவில்லை, சாவிதான் அச்சேறியது

2011 பிப்ரவரியில் பிரிட்டனில் வெளியான ஒரு புத்தகம், ஓர் அத்தியாயத்தின் உச்சியில் நீளமான கடவுச்சொல் ஒன்றை முழுதாக அச்சிட்டிருந்தது. ஏழு மாதங்களில் அந்தச் சொல்லால் 2,51,287 அமெரிக்கத் தூதரகத் தந்திகள், பெயர்கள் எதுவும் மறைக்கப்படாமல், உலகின் பார்வைக்கு வந்துவிட்டன. ரகசிய ஆவணங்களைக் கையாளும் எவரும் மறக்கக்கூடாத நிகழ்வு இது.

இதன் முன்கதை 2010 ஜூலையில் தொடங்குகிறது. ஆப்கன் போர் ஆவணங்களை வெளியிட்ட சில நாட்களில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் அமைப்பு தன் தளத்தில் ‘இன்ஷூரன்ஸ்’ என்ற பெயரில் 1.4 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை வைத்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், ஆனால் சாவி இல்லாமல் திறக்க முடியாது. தளம் முடக்கப்பட்டாலும், அதன் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சேவுக்கு ஏதாவது நேர்ந்தாலும், ஒற்றை வரிச் சாவியை வெளியிட்டால் போதும். ஆயிரக்கணக்கான கணினிகளில் காத்திருக்கும் ஆவணங்கள் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும் என்பதுதான் ஏற்பாடு.

78 இலக்கப் பாதுகாப்பு

அந்தக் கோப்பின் பெயரிலேயே இருந்த ஏஇஎஸ்-256, பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் தாமன், வின்சென்ட் ரெய்மன் இருவரும் வடிவமைத்த குறியாக்க முறை. 2001-ல் அமெரிக்க அரசு இதைத் தன் தர முறையாக ஏற்றது. அந்த அரசின் உச்ச ரகசியங்களைக் காக்கவும் இதற்கு அனுமதி உண்டு. இதில் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம்.

கணிதம் இவ்வளவு உறுதியாக இருந்தும் தந்திகள் வெளியேறியது மனிதர்கள் வழியாகத்தான். அமெரிக்க ராணுவ வீரர் செல்சீ மானிங் கொடுத்த அந்தத் தந்திகளைத் தனிக் கோப்பாகக் குறியாக்கம் செய்து, பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழின் செய்தியாளர் டேவிட் லீக்கு அசாஞ்சே வழங்கினார். கடவுச்சொல்லின் பெரும்பகுதியைத் தாளில் எழுதிக் கொடுத்தவர், இடையில் வரவேண்டிய ஒரு சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அருமையான முன்னெச்சரிக்கைதான். ஆனால் லீ இணைந்து எழுதிய அந்த 2011 புத்தகத்தில் அந்தச் சொல்லும் சேர்ந்தே அச்சாகிவிட்டது. கடவுச்சொல் தற்காலிகமானது என்று தங்களிடம் சொல்லப்பட்டதாக ‘கார்டியன்’ விளக்கியது.

குறியாக்கக் கோப்புக்குக் காலாவதி கிடையாது. மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை நாளைக்கே மாற்றலாம். ஊரெங்கும் நகலான கோப்பின் சாவியை எவராலும் மாற்ற முடியாது. தந்திகள் அடங்கிய கோப்போ அதற்குள் பிட்டாரன்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியே பரவியிருந்தது. கோப்பும் சாவியும் பொதுவெளியில் இருப்பதை 2011 ஆகஸ்டில் ஒரு ஜெர்மன் வார இதழ் கோடிகாட்டியது. செப்டம்பர் 2 அன்று விக்கிலீக்ஸே அனைத்தையும் வெளியிட்டது. அதுவரை பெயர்களை மறைத்துப் பகுதி பகுதியாக வெளியிட்டுவந்த ஐந்து பத்திரிகைகளும் அதைக் கண்டித்தன. தந்தி ஒன்றில் பெயர் இடம்பெற்ற எத்தியோப்பியப் பத்திரிகையாளர் ஒருவர், அதிகாரிகளின் விசாரணைக்குப் பின் நாட்டைவிட்டே வெளியேறினார்.

பிரித்து வைக்கும் வழி

இத்தகைய விபத்தைத் தடுக்கும் வழியை ஆதி ஷமீர் என்ற இஸ்ரேலியக் கணிதவியலாளர் 1979-லேயே தந்துவிட்டார். சாவியை ஐந்து பங்குகளாக்கி ஐவரிடம் கொடுக்கலாம். ஏதேனும் மூவர் சேர்ந்தால் சாவி கிடைக்கும். இரண்டு பங்குகளை வைத்துச் சாவியின் ஓர் எழுத்தைக்கூட ஊகிக்க முடியாது. அடிப்படை, பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் போகும், இரண்டு புள்ளிகள் கிடைத்தால் ஒரே கோடுதான். அதையே ஒரு படி உயர்த்தி வளைகோட்டுக்குக் கொண்டுபோனால் மூன்று புள்ளிகள் தேவைப்படும். ஒருவர் கைதானாலும் ஆவணம் அழியாது, ஒருவர் வாய்தவறினாலும் ரகசியம் கசியாது.

இதோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். பெறுபவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு, தனிச் சாவி கொடுக்க வேண்டும். பரப்பப்படும் எந்தக் கோப்பிலும், பூட்டும் முன்பே அப்பாவிகளின் பெயர்களை நீக்கிவிட வேண்டும். அதிகாரத்தின் தவறுகளை மக்கள் அறிய வேண்டும் என்று ஆவணங்களைக் காப்பவருக்கு, அந்த ஆவணங்களுக்குள் இருக்கும் எளிய மனிதர்களைக் காக்கும் கடமையும் உண்டு. முதல் கடமையைக் கணிதம் பெருமளவு சுமந்துகொள்ளும். இரண்டாவதை நாம்தான் சுமக்க வேண்டும்.