இருள் இருந்தால்தான் ஒளி அழகு

மஃக்ரிப் தொழுகை முடிந்து தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தால், ஒரு பக்கம் வெள்ளை விளக்குகளும் மறுபக்கம் சிவப்பு விளக்குகளும் ஆறு போல ஓடுகின்றன. அந்தக் காட்சியைச் செல்போனில் எடுத்தால் வானம் சாம்பல் நிறமாகவும், விளக்குகள் வெறும் வெள்ளைத் திட்டுகளாகவும் பதிகின்றன. ஏன் இப்படி?

இருட்டைக் கண்டதும் 'வெளிச்சம் போதவில்லை' என்று கருதி, கேமரா படம் முழுவதையும் வெளுக்கச் செய்துவிடுகிறது. இருள் போனதும் ஒளியின் அழகும் போய்விடுகிறது.

ஒளியை ஆராய இருள் வேண்டும் என்பதைச் செய்து காட்டியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம் (965 – சுமார் 1040). துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வைத்தார். இருட்டறைச் சுவரில் ஒவ்வொரு விளக்கின் ஒளியும் தனித்தனியே விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதன் ஒளி மட்டும் மறைந்தது. 'கேமரா' என்ற பெயரும் 'இருட்டறை' எனப் பொருள்படும் லத்தீன் சொற்றொடரிலிருந்து வந்ததுதான். 17ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியர் ரெம்பிராண்டும் திரையின் பெரும்பகுதியை இருளுக்கு விட்டு, முகத்தில் மட்டும் ஒளியை விழச் செய்தார்.

நாமும் இதைச் செய்து பார்க்கலாம். சூரியன் மறைந்து 20 நிமிடங்கள் கழித்து, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போது படம் எடுங்கள். திரையில் விளக்கின் மீது விரலை வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். செல்போனைச் சுவரிலோ கைப்பிடியிலோ அசையாமல் சாய்த்து, சில விநாடிகள் பதியும்படி வைத்தால் வாகனங்கள் மறைந்து ஒளிக்கோடுகள் மட்டும் நிற்கும்.

இது படத்தோடு முடியும் விஷயமல்ல. ரமளானில் தெரு முழுவதும் சீரியல் பல்புகள் எரிந்தால் பள்ளிவாசல் மினாராவின் ஒளி தனித்துத் தெரியாது. சேலையூரிலும் பல்லாவரத்திலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு வானில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நட்சத்திரங்கள் தெரிகின்றன. இரவில் பறந்து வலசை வரும் பறவைகளையும் மிகையான வெளிச்சம் திசை தடுமாறச் செய்கிறது. 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலம் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது!

எனவே இன்று இரவு மொட்டைமாடி விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு அமருங்கள். கண் இருளுக்குப் பழக 20 நிமிடங்களாவது ஆகும். பொறுத்திருந்தால், முதலில் தெரியாத நட்சத்திரங்கள் சிலவாவது தெரியும், இன்ஷா அல்லாஹ்.