ஃபைன் கட்டினால் ஓவர்லோடு லாரி கிளம்பிடலாமா? எடை போடுவதில் சட்டம் சொல்வது என்ன?

குமரி மாவட்டத்தில் இருந்து ஜல்லி, எம்-சாண்ட், பாறைக்கல் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாக கேரளாவுக்கு டாரஸ் லாரிகள் செல்கின்றன. அதிக பாரம் ஏற்றிய லாரி சிக்கினால், "அதான் ஃபைன் கட்டியாச்சே, வண்டிய விடுங்க" என்பதுதான் வழக்கமாக கேட்கும் குரல். ஆனால் சட்டப்படி அப்படி விட முடியாது. ஏன்? விரிவாக பார்க்கலாம்.

எவ்வளவு ஏற்றலாம்?

ஒவ்வொரு லாரிக்கும் மொத்த எடை எவ்வளவு என்பது ஆர்சி புக்கில் இருக்கும். சரக்கு மட்டுமல்ல, வண்டியின் எடையும் சேர்ந்ததுதான் இந்த கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 113-ன்படி அதை தாண்டக்கூடாது. 2018 ஜூலையில் மத்திய அரசு இந்த அளவை உயர்த்தியது. அப்போது இரண்டு ஆக்சில், 6 சக்கர லாரிக்கான வரம்பு 16.2 டன்னில் இருந்து 18.5 டன்னானது.

எங்கே எடை போடுவார்கள்?

பார்த்தாலே அதிக பாரம் என்று தெரிகிறது என்பதற்காக மட்டும் அபராதம் போட முடியாது, எடை போட வேண்டும். சந்தேகம் வந்தால், மாநில அரசு அதிகாரம் கொடுத்தவர் லாரியை எடை மேடைக்கு கொண்டு வரச் சொல்லலாம் என்கிறது பிரிவு 114. ஆனால் எவ்வளவு தூரத்துக்கு வேண்டுமானாலும் அலைய விட முடியாது. லாரி இனி போக வேண்டிய பாதையில் ஏதாவது ஓர் இடத்தில் இருந்து 10 கி.மீ., அல்லது சேரும் இடத்தில் இருந்து 20 கி.மீ.க்குள் அந்த எடை மேடை இருக்க வேண்டும்.

எடை மேடையும் சரியாக இருக்கணும். அதை 12 மாதத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகள் இதை செய்கிறார்கள்.

அபராதம் எவ்வளவு?

2019 செப்டம்பர் முதல் அமலில் உள்ள திருத்தத்தின்படி அடிப்படை அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 5 டன் கூடுதல் என்றால் மொத்தம் 30,000 ரூபாய். நிறுத்தாமல் போனாலோ, எடை போடும் முன் சரக்கை இறக்கினாலோ 40,000 ரூபாய்.

கட்டிட்டு கிளம்பிடலாமா?

முடியாது. கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகுதான் லாரி நகர வேண்டும். இறக்கும் செலவும் லாரி தரப்புக்குத்தான். 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அபராதம் கட்டுவது அதிக பாரத்தோடு தொடர்ந்து ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது.

மாட்டுவது டிரைவர் மட்டும்தானா? இல்லை. உரிமையாளருக்கு தெரிந்தே, அவர் சொல்லியே நடந்தது என்று நீதிமன்றம் கருத பிரிவு 113 இடம் தருகிறது.

ரயிலில் எப்படி?

சரக்கு ரயிலிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒவ்வொரு வேகனிலும் அதன் கொள்ளளவு எழுதப்பட்டிருக்கும். அதை தாண்டினால், ரயில்வே சட்டம் 1989, பிரிவு 73-ன்படி கட்டணத்தோடு தண்டத்தொகையும் வசூலிக்கலாம். அனுப்பியவரிடம் மட்டுமல்ல, சரக்கை பெறுபவரிடமும் கேட்கலாம். வழியிலேயே கூடுதல் சரக்கை இறக்கவும் ரயில்வேக்கு அதிகாரம் உண்டு.

ரோடோ, தண்டவாளமோ, சட்டத்தின் நோக்கம் வசூல் மட்டுமல்ல. அதிக பாரம் ஏற்றிய லாரியில் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்க கூடுதல் தூரம் ஆகும். 30,000 ரூபாய் ரசீது கையில் இருப்பதால் அந்த தூரம் குறையப் போவதில்லை. பாரத்தை இறக்கினால்தான் குறையும்.