சுராங்கனி தந்த சிலோன் மனோகர்

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை மீனவர்கள் ‘பாடு’ முறையில் முடிவு செய்கிறார்கள். இறால் விழும் நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல், முறைவைத்துச் சுற்றிவரும். இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் இதேபோன்ற ஏற்பாடு உண்டு. இரண்டு கரைகளுக்கும் போர்த்துகீசியர் வந்தார்கள்; பின்னாலேயே டச்சுக்காரர்களும் வந்தார்கள். பழவேற்காட்டில் அவர்களின் கெல்டிரியா கோட்டை 1613இல் எழுந்தது.

இலங்கைக் கரையில் போர்த்துகீசியரின் வருகை ஓர் இசையையும் விட்டுச்சென்றது. அதுதான் பைலா. போர்த்துகீசியப் பாட்டும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்க மக்களின் தாளமும் கலந்தது அது. ஆறு தட்டுகளை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒன்றிலும் நான்கிலும் அழுத்திக் கைதட்டிப் பாருங்கள். கால் தானாக ஆடும். இருபதாம் நூற்றாண்டில் அதைச் சிங்கள மேடைக்கு ஏற்றபடி வளர்த்தவர் வாலி பஸ்தியான்ஸ் என்ற போலீஸ்காரர்.

மேற்கே ராக் இசை கொடிகட்டிப் பறந்த காலத்தில் இலங்கைத் தமிழ் இளைஞர்களும் கிதாரைக் கையில் எடுத்தார்கள். ஆனால் தாளத்துக்கு லண்டன்வரை போகவில்லை. தம் கரையிலேயே இருந்த பைலாவைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படிப் பிறந்த பொப் இசையின் ‘சக்கரவர்த்தி’ என்று ரசிகர்கள் கொண்டாடியவர் ஏ.இ.மனோகரன். தமிழ்நாட்டுக்கு அவர் சிலோன் மனோகர்.

அவருடைய ‘சுராங்கனி’ ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவரும் பாட்டு. காதல் பாட்டென்றால் பூவும் நிலவும் வரும் இடத்தில், அன்றைக்குப் பிடித்த மீன் வருகிறது. சிங்கள வரிகளை நீக்காமல், அவற்றோடு தமிழைச் சேர்த்துப் பாடினார். அர்த்தம் புரியாதவர்களும் கூடவே பாடினார்கள். அவர் செய்த பெரிய காரியம் இதுதான்: கரையோரத்தின் கலப்பு மொழியை மெருகேற்றி மறைக்காமல், அப்படியே மேடையேற்றினார். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாட, அது தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் பரவியது.

ஒரே பாட்டோடு அவரை நிறுத்திவிடுவது நியாயமில்லை. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ என்ற இலங்கைத் தமிழ்ப் படத்தில் 1978இல் நடித்தார். அதுவும் மீனவர் கதைதான். பிறகு தமிழ், மலையாளப் படங்களிலும் பல வேடங்கள் ஏற்றார். 2018 ஜனவரி 22 அன்று, 73 வயதில், சென்னையில் காலமானார். அஞ்சலிச் செய்திகள் பெரும்பாலும் ‘சுராங்கனி’யைத்தான் தலைப்பாக்கின; ‘வாடைக்காற்று’க்கும் அங்கே இடம் இருந்திருக்க வேண்டும்.